பெரிய படநிறுவனங்களின் குடும்பப் படங்கள்: வணிக வெற்றியும் தோல்வியும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் ஜெமினி, ஏவி.எம்., விஜயா–வாகினி போன்ற பெரிய படநிறுவனங்கள் குடும்பக் கதைகளைத் தொடர்ந்து தயாரித்தன. அவற்றுள் சில தலைமுறை தாண்டி நினைவில் நின்றன. அதே முதலீடும் அதே திறமையாளர்களும் இருந்தும் வேறு சில எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. இந்த வேறுபாட்டுக்கு நட்சத்திரம், கதை, பாடல், வெளியீட்டு நாள், செலவு எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு படத்தில் பொய்த்துப் போகிறது. குடும்பப் படத்தின் வெற்றி, கதைக்குள் இருக்கும் வீட்டின் கணக்கும் கொட்டகைக்கு வரும் வீட்டின் கணக்கும் பொருந்துவதைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குடும்பப் படம் என்னும் சொல்

'குடும்பப் படம்' என்ற வழக்குக்கு இரண்டு பொருள்கள் உண்டு. குடும்பத்தைப் பற்றிய படம் என்பது ஒன்று. குடும்பத்தோடு பார்க்கத்தக்க படம் என்பது மற்றொன்று. இவை இரண்டும் ஒன்றல்ல. 'சந்திரலேகா' (1948) ஓர் அரச குடும்பத்தின் பதவிச் சண்டையைச் சொல்லும் பிரம்மாண்டப் படம். குடும்பத்தோடு பார்க்கலாம், ஆனால் பார்ப்பவரின் வீட்டுப் பிரச்சினை எதுவும் அதில் இல்லை. 'சம்சாரம்' (1951) குடும்பம் ஒன்று சிதைவதையே கதையாகக் கொண்டது. இரண்டையும் தயாரித்தது ஜெமினி நிறுவனம்தான்.

முதல் வகையில் காட்சியின் வியப்பு விற்கிறது. இரண்டாம் வகையில் பார்ப்பவர் தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்வது விற்கிறது. வியப்புக்கு அதிகப் பணம் தேவை. அடையாளம் காணுதலுக்குத் தேவைப்படுவது கவனிப்பு. பெரிய நிறுவனங்களிடம் பணம் எப்போதும் இருந்தது, கவனிப்பு எல்லாப் படத்திலும் இருந்ததில்லை. தோல்விகளில் பல இந்த இடைவெளியில் நிகழ்ந்தவை.

படநிறுவனங்களின் காலம்

எஸ்.எஸ். வாசன் 1940களின் தொடக்கத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் ஜெமினி ஸ்டுடியோவை நிறுவினார். ஏ.வி. மெய்யப்பன் 1945இல் ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். காரைக்குடியில் எடுக்கப்பட்ட 'நாம் இருவர்' (1947) வெற்றி பெற்றது. பின்னர் நிறுவனம் சென்னை வடபழனிக்கு இடம்பெயர்ந்தது. அதே வடபழனியில் பி. நாகிரெட்டியின் விஜயா–வாகினி ஸ்டுடியோ பல படப்பிடிப்புத் தளங்களோடு வளர்ந்தது.

இந்நிறுவனங்களில் கதை இலாகா, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, அரங்க நிர்மாணம், ஆய்வகம் ஆகியவை ஒரே மதிலுக்குள் இயங்கின. பலர் மாதச் சம்பளத்தில் பணிபுரிந்தனர். இந்த அமைப்பில் நன்மையும் சுமையும் சேர்ந்தே இருந்தன. பிடிக்காத பகுதியை மறுபடி எடுக்கவும், இயக்குநரை மாற்றவும், ஒரே கதையைப் பல மொழிகளில் எடுக்கவும் முடிந்தது. ஆனால் படம் ஓடாத மாதத்திலும் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தச் சுமையைத் தாங்க நிறுவனங்கள் கண்ட வழி பன்மொழித் தயாரிப்பு. வைஜயந்திமாலாவை அறிமுகப்படுத்திய 'வாழ்க்கை' (1949) தெலுங்கில் 'ஜீவிதம்' ஆகவும் இந்தியில் 'பஹார்' (1951) ஆகவும் வந்தது. 'குலதெய்வம்' (1956) இந்தியில் 'பாபி' (1957) ஆயிற்று. சுமார் 30 லட்சம் ரூபாய் செலவானதாகச் சொல்லப்படும் 'சந்திரலேகா'வை வாசன் அதே ஆண்டு இந்தியிலும் வெளியிட்டார். அக்காலத் தமிழ்ச் சந்தை மட்டும் அந்தச் செலவைத் தாங்கியிருக்காது.

பெரிய நிறுவனம் என்பதே வெற்றிக்கு உறுதி அன்று. ஆர்.கே. நாராயணின் கதையில் கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'மிஸ் மாலினி' (1947) ஜெமினியின் எல்லா வசதிகளோடும் உருவானது. பாராட்டுப் பெற்றும் வசூலில் தோற்றது. ஏவி.எம்.மின் 'அந்த நாள்' (1954) பாடல் இல்லாமல், நாயகனின் கொலையோடு தொடங்குவது. இன்று முக்கியமான படமாகப் போற்றப்படும் அது, வெளியானபோது வணிக வெற்றி பெறவில்லை. சிவாஜி கணேசன் நடித்தும் அந்நிலை மாறவில்லை.

வெற்றி, தோல்வி யாருடைய கணக்கு?

'படம் ஓடவில்லை' என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. யாருக்கு ஓடவில்லை என்று கேட்டால்தான் விவாதம் தெளியும். ஒரு படத்தில் குறைந்தது மூன்று தரப்பின் பணம் இருக்கிறது: தயாரிப்பாளர், விநியோகஸ்தர், திரையரங்க உரிமையாளர்.

தமிழகத் திரைத்தொழில் மாநிலத்தைச் சில விநியோகப் பகுதிகளாகப் பிரிக்கிறது. சென்னை நகரம், கோவை, மதுரை, சேலம், திருச்சி–தஞ்சாவூர், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்பவை அவற்றுள் சில. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்த பகுதியை 'என்.எஸ்.சி.' என்பார்கள். திருவண்ணாமலை 1989இல் தனி மாவட்டமாகிவிட்டது. திரைத்தொழிலின் கணக்குப் புத்தகத்தில் அது இன்றும் பழைய வட ஆற்காட்டோடுதான் இருக்கிறது.

மினிமம் கேரண்டி முறையில் விநியோகஸ்தர் ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார். வசூல் குறைந்தால் நட்டம் அவருடையது. அட்வான்ஸ் முறையில் குறைந்த தொகையைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். பங்கு முறையில் வசூல் குறிப்பிட்ட விகிதத்தில் பிரிக்கப்படும். ஆகவே நூறு நாள் ஓடிய படத்தை அதிக விலைக்கு வாங்கிய விநியோகஸ்தர் நட்டப்படலாம். நான்கு வாரம் ஓடிய சிக்கனப் படம் அனைவருக்கும் லாபம் தரலாம்.

குடும்பப் படத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அதன் வசூல் முதல் நாளில் குவிவதில்லை, வாய்மொழியால் மெல்ல ஏறும். பெரிய நட்சத்திரத்தின் சம்பளத்தை ஏற்றி அதிக விலைக்கு விற்கப்படும் குடும்பப் படம், தன் இயல்புக்கு மாறாக முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் ஈட்ட வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகிறது. ஏமாற்றத்தின் விதை படம் வெளியாகும் முன்பே, விலை பேசும் மேசையில் விழுந்துவிடுகிறது.

நட்சத்திரமும் போட்டியும்: பொங்கல் 1965

நட்சத்திரம் இருந்தால் குடும்பப் படம் ஓடும் என்ற வாதத்தை 1965ஆம் ஆண்டுப் பொங்கல் சோதித்துப் பார்த்தது. அன்று எம்.ஜி.ஆர். நடித்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் சிவாஜி கணேசன் நடித்த 'பழநி'யும் வெளியாயின. முன்னது நாகிரெட்டியின் விஜயா நிறுவனத் தயாரிப்பு, 'ராமுடு பீமுடு' (1964) என்ற தெலுங்குப் படத்தின் மறு ஆக்கம். பின்னதை இயக்கியவர் ஏ. பீம்சிங். 'பாகப்பிரிவினை' (1959), 'படிக்காத மேதை' (1960), 'பாசமலர்' (1961) எனப் 'ப' வரிசைக் குடும்பப் படங்களால் பெயர் பெற்றவர் அவர்.

நடிகரும் இயக்குநரும் ஏற்கெனவே வென்ற கூட்டணியினர். கூட்டுக்குடும்பமும் சகோதரப் பாசமும் அவர்களுக்குக் கைவந்த பொருள்கள். இருந்தும் 'பழநி' எடுபடவில்லை. 'எங்க வீட்டுப் பிள்ளை' பெருவெற்றி பெற்றது.

வண்ணப் படம், எம்.ஜி.ஆரின் செல்வாக்கு, சாட்டைக் காட்சி ஆகியவை இவ்வெற்றிக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 'எங்க வீட்டுப் பிள்ளை'யின் மையத்தில் இருப்பது ஒரு சொத்துத் தகராறு. அக்காள் கணவர் வீட்டை ஆள்கிறார், உரிமையுள்ள பிள்ளை அஞ்சி ஒடுங்குகிறான். இந்த நிலைமையைச் சொந்தக்காரர்களிடையே கண்டிராத ஊர் இல்லை. சாட்டை கற்பனை, ஆனால் அது யார் மேல் விழ வேண்டும் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருந்தது. நட்சத்திரத்தின் ஆற்றல் ஒரு வீட்டுக் குறையைத் தீர்க்கப் பயன்பட்டது.

வெளியீட்டு நாளின் போட்டியை மட்டும் காரணமாகக் கொள்வதும் நிறைவளிக்காது. ஒரே பண்டிகைக்கு இரண்டு படங்கள் வெளியாகி இரண்டும் வென்ற ஆண்டுகள் உண்டு. போட்டி பலவீனமான படத்தைச் சீக்கிரம் தள்ளிவிடும், பலமான படத்தைப் பெரும்பாலும் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

ஒரே கதை, இரண்டு முடிவுகள்

நல்ல கதை இருந்தால் போதும் என்பது இரண்டாவது வாதம். இதற்குத் தமிழில் கிடைக்கும் மிகச் சிறந்த சோதனை 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). விசு எழுதிய 'உறவுக்கு கை கொடுப்போம்' என்ற நாடகம் அதே பெயரில் 1975இல் திரைப்படமாக வந்து தோல்வியடைந்தது. பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அதே கதைக்கருவை விசு ஏவி.எம். நிறுவனத்துக்கு எடுத்துச் சென்றார். 1986 ஜூலையில் வெளியான அப்படம் பெரும் வெற்றி பெற்றது. சிறந்த பொழுதுபோக்குத் திரைப்படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுவே. தெலுங்கு, கன்னடம், இந்தி மொழிகளிலும் மறு ஆக்கம் செய்யப்பட்டது.

கதைக்கரு மாறவில்லை. மாறியவை மூன்று.

முதலாவது, எழுத்து திருத்தப்பட்டது. எம். சரவணன் கதையை ஏற்றுக்கொண்டாலும், அது முழுக்கக் கனமாக இருப்பதாகக் கருதி நகைச்சுவையைக் கோரினார். அதன் விளைவே மனோரமா நடித்த கண்ணம்மா என்ற வேலைக்காரப் பாத்திரம். கண்ணம்மா சிரிக்க வைப்பதற்கு மட்டும் இல்லை. குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் சொல்ல முடியாததை வெளியாளாகிய அவள் சொல்கிறாள். ரத்த உறவு இல்லாதவள் வீட்டின் நியாயத்தைப் பேசும்போது கதைக்கு ஒரு காற்றோட்டம் கிடைக்கிறது. படப்பிடிப்புக்கு முன் கதையை நிறுத்தி வைத்துத் திருத்தச் சொன்ன ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் பழக்கம் இங்கே பயன் தந்தது.

இரண்டாவது, படத்தில் பெரிய நட்சத்திரம் இல்லை. விசு, லட்சுமி, ரகுவரன், சந்திரசேகர், கமலா காமேஷ், இளவரசி, கிஷ்மு, டெல்லி கணேஷ் என அனைவரும் பாத்திரத்துக்குரிய முகங்கள். செலவு கட்டுக்குள் நின்றது. கதை பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பதால் தளம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது ஏற்றதாகவும் அமைந்தது.

மூன்றாவது, காலம் மாறியிருந்தது. 1980களில் மாதச் சம்பளக் குடும்பங்களில் மகன்கள் தனித்தனியே சம்பாதித்துப் பொதுச் செலவுக்குப் பங்கு கொடுக்கும் முறை பரவியிருந்தது. படத்தின் பெரிய சண்டை கொலையாலோ கள்ளக்காதலாலோ வருவதில்லை. மூத்த மகன் சிதம்பரத்தின் மனைவி உமா பிரசவத்துக்காகத் தாய்வீடு செல்கிறாள். அவள் இங்கே சாப்பிடவில்லை என்பதால் மாதம் கொடுக்கும் தொகையைச் சிதம்பரம் குறைத்துக்கொள்கிறான். தந்தை அம்மையப்ப முதலியார் கொதிக்கிறார். வீட்டின் குறுக்கே கோடு விழுகிறது.

சிதம்பரத்தின் கணக்கு தவறானது அன்று, ஆனால் அந்தக் கணக்கைச் சொன்னது தவறு. அவன் சொன்னதைப் பல வீடுகளில் பலர் மனத்துக்குள் போட்டுப் பார்த்திருந்தார்கள். அது திரையில் உரக்கக் கேட்டபோது அரங்கில் இருந்த தந்தையும் மகனும் மருமகளும் தத்தம் கட்சியைக் கண்டார்கள். 1975இல் தோற்ற கரு 1986இல் வென்றதற்கு இந்த மூன்றும் சேர்ந்தே காரணம். கதை நல்லதா என்பதோடு, இந்த ஆண்டில் இந்தப் பார்வையாளருக்கு அது செப்பனிடப்பட்டதா என்பதும் கேட்கப்பட வேண்டும்.

சுவரும் கோடும்

வீட்டைப் பிரிப்பது தமிழ்க் குடும்பப் படத்தின் நிலையான காட்சி. 'பாகப்பிரிவினை'யில் அண்ணன் தம்பி குடும்பம் பிரிகிறது. கதை மீண்டும் சேர்வதில் முடிகிறது. பங்காளிச் சண்டையும் நிலமும் கிராமத்துக் கூட்டுக்குடும்பமும் உயிரோடிருந்த 1959ஆம் ஆண்டில் பார்வையாளர் வேண்டியது அந்தச் சேர்க்கைதான்.

'சம்சாரம் அது மின்சாரம்' படத்தின் முடிவு வேறு. பிணக்குகள் எல்லாம் தீர்ந்து சிதம்பரம் ஒன்றாக இருக்கலாம் என்று வரும்போது உமா மறுக்கிறாள். தனித்தனியே இருந்து விடுமுறை நாள்களில் கூடி, பாசம் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் முடிவு. வழக்கமான சூத்திரப்படி இது துயர முடிவாக இருக்க வேண்டும். அரங்கத்தார் அதை மகிழ்ச்சியான முடிவாக ஏற்றனர். தனிக்குடித்தனம் போன மருமகளைக் குடும்பத்தைக் கெடுத்தவளாகக் காட்டி வந்த சினிமாவில், அதையே குடும்பத்தைக் காக்கும் வழியாகச் சொன்னவள் உமா. ஏற்கெனவே தனியே வாழ்ந்துகொண்டு உள்ளுக்குள் குற்ற உணர்வு சுமந்திருந்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அந்த முடிவு ஓர் ஆறுதல்.

இரண்டு படங்களும் வென்றன, முடிவுகளோ நேர் எதிரானவை. கூட்டுக்குடும்பத்தைப் போற்றினால் படம் ஓடும் என்ற சூத்திரம் இங்கே உடைகிறது. 1959இல் உண்மையாக இருந்த விருப்பத்தை ஒன்றும், 1986இல் உண்மையாக இருந்த விருப்பத்தை மற்றொன்றும் சொன்னது. விசு பின்னர் 'திருமதி ஒரு வெகுமதி' (1987), 'வரவு நல்ல உறவு' (1990) முதலிய படங்களை எடுத்தார். அவை தத்தம் பார்வையாளரைப் பெற்றாலும் 1986இன் உயரத்தை எட்டவில்லை. வசன நடையும் வீட்டு அமைப்பும் பழகிப்போன பின், புதிதாகச் சொல்ல ஒரு வீட்டுக் கணக்கு தேவைப்பட்டது.

வெளிநாட்டுக் கதையை வீட்டுக்குள் கொண்டுவருதல்

ஏவி.எம்.மின் இன்னொரு வெற்றி 'குழந்தையும் தெய்வமும்' (1965). கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய இப்படம் டிஸ்னி நிறுவனத்தின் 'தி பேரன்ட் டிராப்' (1961) படத்தைத் தழுவியது. பிரிந்த பெற்றோரை இரட்டைச் சிறுமிகள் இடம் மாறிச் சேர்த்து வைப்பது இரண்டுக்கும் பொதுவான கதை. குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் நடித்தார். இந்தியில் 'தோ கலியான்' (1968) என்ற பெயரில் ஏவி.எம்.மே எடுத்தது.

அமெரிக்கப் படத்தில் பெற்றோர் பிரிந்ததற்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. விவாகரத்து அங்கே அறிந்த செய்தி. அன்றைய தமிழ்ப் பார்வையாளருக்கு அது போதாது. கணவனும் மனைவியும் ஏன் பிரிய வேண்டும் என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடை வேண்டும். தமிழ்ப் படம் அந்த விடையை மனைவியின் தாயிடம் வைத்தது. செல்வச் செருக்குள்ள மாமியார், அவர் வீட்டில் மதிப்பின்றி வாழும் மாப்பிள்ளை என்று கதை மாறியது. ஜி. வரலட்சுமி அந்த மாமியாராக நடித்தார்.

கதையின் பொறி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதை ஓட்டிய எரிபொருள் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்ற உள்ளூர் அவமானம். தழுவல் படங்களின் வெற்றி தோல்வியை ஆராய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. காட்சிகளை மட்டும் பெயர்த்து வைத்து, உறவின் காரணத்தைப் பெயர்க்காமல் விட்ட தழுவல்கள் அரங்கில் அந்நியமாக நின்றன.

கொட்டகைக்கு வரும் குடும்பம்

படநிறுவனத்தின் பக்கம் மட்டும் பார்த்தால் பாதி விடைதான் கிடைக்கும். மறுபாதி பார்வையாளர் இருக்கும் ஊரில் இருக்கிறது. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், நகருக்கு எதிர்ப்புறம், ஆதி அருணாசலேசுவரர் கோயிலோடு அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. இத்தகைய ஊரில் வாழும் குடும்பத்துக்கு நகரத்துத் திரையரங்குக்குச் செல்வது ஒரு சிறு பயணம். சமையலை முன்னதாக முடிக்க வேண்டும், மாடு கறக்க ஆள் வேண்டும், முதல் ஆட்டம் விட்டதும் பேருந்து கிடைக்க வேண்டும். ஆறு பேர் சென்றால் டிக்கெட், பேருந்துக் கட்டணம், இடைவேளை முறுக்கு எல்லாம் ஆறு மடங்கு.

ரசிகர் ஒருவர் தனியாக முடிவெடுத்துத் தனியாக வருகிறார். குடும்பம் அப்படி வருவதில்லை. பாட்டிக்குப் பிடிக்குமா, பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா, குழந்தை அழுமா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் வர வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் ஆறு டிக்கெட்டும் போகும். எனவே குடும்பப் படம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாக்கெடுப்பில் வெல்ல வேண்டியிருக்கிறது. அந்த வாக்கெடுப்பு நடப்பது படம் பார்த்து வந்த அயல் வீட்டார் வாயிலாக. அதற்குச் சில நாள்கள் ஆகும்.

பழைய வெளியீட்டு முறை அந்த நாள்களைக் கொடுத்தது. குறைந்த எண்ணிக்கையிலான பிரதிகள் முதலில் பெருநகரங்களில் ஓடின. பின்னர் 'பி', 'சி' சென்டர் எனப்படும் சிறு நகரங்களுக்கும் டூரிங் கொட்டகைகளுக்கும் வந்தன. படம் ஊருக்கு வரும் முன்பே அதன் பேச்சு வந்து சேர்ந்துவிடும். தரை டிக்கெட்டில் அமர்ந்த பெண்கள் கதையை முன்பே கேட்டறிந்தும் அழுவதற்காகவே வந்தனர். இன்று ஒரு படம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் வெளியாகிறது. முதல் மூன்று நாள் வசூலே தீர்ப்பாகிவிடுகிறது. குடும்பம் புறப்படத் தயாராகும்போது படம் மாறியிருக்கிறது.

தொலைக்காட்சிக்குப் பின்

1990களில் தனியார் தொலைக்காட்சி வந்ததும் குடும்பக் கதையின் அன்றாடப் பார்வையாளர்கள் வீட்டிலேயே தங்கினர். மாமியார்–மருமகள் சண்டை, அண்ணன்–தங்கைப் பாசம், சொத்துப் பிரிவு ஆகியவை தினசரித் தொடர்களின் சரக்காயின. கொட்டகையில் காசு கொடுத்து அதையே பார்க்க வேண்டிய தேவை குறைந்தது. இதனால் குடும்பப் படம் ஒழிந்துவிடவில்லை. 'சூர்யவம்சம்' (1997), 'வானத்தைப் போல' (2000), 'ஆனந்தம்' (2001) முதலியவை அதன் பின்னரே வென்றன. 'கடைக்குட்டி சிங்கம்' (2018), 'விஸ்வாசம்' (2019) ஆகியவை அண்மைக்காலச் சான்றுகள்.

ஏமாற்றத்துக்கான சான்றாக 'அண்ணாத்த' (2021) அடிக்கடி பேசப்படுகிறது. பெரிய நிறுவனம், ரஜினிகாந்த், தீபாவளி வெளியீடு என எல்லாம் இருந்தன. தொடக்க வசூலும் இருந்தது. ஆனால் அண்ணன்–தங்கைக் கதை பழைய சூத்திரம் என்ற குறை பரவலாக எழுந்தது. பழையது என்பது மட்டும் குறையாகாது. 'பாசமலர்' அதைவிடப் பழையது, இன்றும் பார்க்கப்படுகிறது. அதில் தங்கை பொம்மை செய்து சேர்த்த பணம் அண்ணனின் தொழிலுக்கு முதலாகிறது. அண்ணன் முதலாளியாகிறான். தங்கை விரும்பியவனோ தொழிலாளர் பக்கம் நிற்பவன். பாசத்துக்கு எதிரே பணமும் வர்க்கமும் திருமணமும் நிற்கின்றன. 'அண்ணாத்த'வில் பாசத்துக்கு எதிரே நிற்பவர்கள் வில்லன்கள். அவர்களை அடித்து வீழ்த்தலாம். வீட்டுக்குள் இருக்கும் முரண்பாட்டை அடித்து வீழ்த்த முடியாது. அந்த முரண்பாடே குடும்பப் படத்தின் உயிர்.

எதிர்ச் சான்று 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025). பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பம் சென்னைக் குடியிருப்பு ஒன்றில் அடையாளத்தை மறைத்து வாழும் கதை. புதிய இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் இயக்க, சசிகுமாரும் சிம்ரனும் நடித்த சிறு முதலீட்டுப் படம். அதே மே 1ஆம் நாள் சூர்யா நடித்த 'ரெட்ரோ'வும் வெளியானது. இருந்தும் வாய்மொழியால் இப்படம் வளர்ந்து வென்றது. வாடகை வீடு, பிள்ளைகளின் பயம், அயலாரின் சந்தேகம் என அதன் பதற்றங்கள் அனைத்தும் சென்னையில் வீடு தேடிய எவருக்கும் தெரிந்தவை.

குறைகள்

வணிக வெற்றி பெற்ற குடும்பப் படங்கள் எல்லாம் குறையற்றவை என்று கொள்ளக்கூடாது. பெரிய நிறுவனங்களின் வெற்றிப் படங்களில் பெரும்பாலானவை பெண்ணின் பொறுமையை முதலாக வைத்து நடந்தவை. குடும்பம் உடைவது ஆண்களின் பிடிவாதத்தால், ஒட்டவைப்பது பெண்ணின் கண்ணீரால் என்ற வழக்கம் நெடுநாள் தொடர்ந்தது.

'சம்சாரம் அது மின்சாரம்' படமும் இதற்கு முழு விலக்கு அன்று. உமா தன் முடிவைச் சொல்லும் தகுதியைப் பெறுவது, வீட்டார் எல்லாருடைய பிணக்கையும் தானே தீர்த்து வைத்த பிறகுதான். இரண்டாம் மருமகள் வசந்தா கணவனோடு தனித்திருக்க நேரம் வேண்டுகிறாள். கணவனோ தேர்வில் தேறாத தம்பிக்கு இரவெல்லாம் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். அவளுடைய கோரிக்கை நியாயமானது. படம் அதைப் பொறுமையின்மையாகவே பெரும்பாலும் நடத்துகிறது. தனக்கான துணையைத் தானே தேர்ந்த மகள் சரோஜினிக்கும் அறிவுரையே மிகுதி. ஒரு படம் தன் காலத்தைவிட ஒரு படி முன்னே வைத்து, மற்றப் படிகளில் காலத்தோடு நின்றது என்று இதை மதிப்பிடலாம். அந்த ஒரு படி இல்லாத படங்கள் மறக்கப்பட்டன.

மதிப்பீடு

ஜெமினி ஸ்டுடியோ 1970களில் மூடப்பட்டது. இன்று மேம்பாலம் ஒன்றின் வழக்குப் பெயராக அது நிற்கிறது. விஜயா–வாகினி வளாகத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும் வந்தன. தளங்கள் போனதால் குடும்பப் படம் போகவில்லை. ஆனால் தளங்களோடு ஒரு பழக்கமும் பெரும்பாலும் போயிற்று. கதையைப் பலர் கூடிக் கேட்பது, போதாது என்று திருப்பி அனுப்புவது, எடுத்ததை மறுபடி எடுப்பது என்ற பழக்கம் அது. 'களத்தூர் கண்ணம்மா' (1960) தொடங்கிய இயக்குநரோடு முடியவில்லை. பாதியில் பொறுப்பேற்ற பீம்சிங் அதை முடித்து வெற்றிப் படமாக்கினார். இன்றைய பெரிய நிறுவனங்களிடம் பணம் அன்றைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. நட்சத்திரத்தின் தேதி கிடைத்த பின் கதை தேடும் முறையில், திருத்துவதற்கான நேரம்தான் இல்லை.

நட்சத்திரமும் பண்டிகையும் குடும்பப் படத்துக்கு முதல் வாரத்தைத் தரலாம். சிக்கனமான செலவு தோல்வியின் வலியைக் குறைக்கலாம். இரண்டாம் வாரம் முதல் படத்தை நடத்திச் செல்வது, பார்த்து வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் பேச்சு. 'நம்ம வீட்டில் நடந்தது மாதிரியே இருந்தது' என்ற ஒரு வாக்கியத்தை அவர் சொல்ல வேண்டும். மக்கள் குடும்பப் படங்களை விரும்புவதில்லை என்ற முடிவுக்கு வரும் முன், அந்த வாக்கியத்தைச் சொல்லும்படியான வீடு திரையில் இருந்ததா என்று தயாரிப்பாளரும் விமர்சகரும் கேட்டுப் பார்ப்பது பொருத்தமாகும்.